வாய்க்காலில் பஸ்ஸை நிறுத்திய என் தம்பி

குத்துக்கல்வலசையில் செங்கல் சூளை, தென்காசியில் மரக்கடை, இலத்தூரில் அரிசி மில். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் ஒருவர் தயவும் இல்லாமல் கட்டியவை. இவற்றைவிடப் பாடுபட்டு நான் ஆளாக்கியது என் தம்பியை.

தம்பி அச்சன்புதூரில் பிறந்தவர். அப்பா போனபின் எங்களுக்கு மிஞ்சியது ஒரு கூண்டு வண்டியும் இரண்டு காளைகளும். தம்பிதான் ஓட்டினார்; அருவி சீசனுக்கு வருகிறவர்களைத் தென்காசி ஸ்டேஷனில் ஏற்றிக் குற்றாலத்தில் இறக்குவார். மாட்டின் மேல் கம்பு பட்டு நான் பார்த்ததில்லை. பஸ் வந்தது, வண்டியில் ஏற ஆளில்லை.

"ஏலே, மோட்டார் பழகு" என்றேன்.

"முப்பது வயசுக்கு மேலயா? மாட்டுக்கு யாருண்ணே தண்ணி காட்டுவா?"

"நான் காட்டுதேன். நீ போ."

பஸ் ஷெட்டில் தன்னைவிட இளையவர்களிடம் கைகட்டிப் பழகினார். தனியாக ஓட்டக் கொடுத்த முதல் கோடையில் பஸ்ஸை வாய்க்காலுக்குள் இறக்கி நிறுத்திவிட்டார். வெயிலில் மரச்சக்கரம் சுருங்கினால் இரும்புப் பட்டை கழன்றுவிடும் என்று தண்ணீரில் ஊறவைப்பது வண்டிக்காரர் வழக்கம். அந்த பஸ்ஸின் சக்கரத்திலும் ஆரக்கால் மரம்தான்.

"என்னவே இது?" என்றார் பஸ் முதலாளி.

"கட்டை காஞ்சிருக்கு அண்ணாச்சி. பட்டை கழண்டுரும்லா."

"ரப்பர் டயருவே அது!"

சேற்றில் புதைந்த பஸ்ஸை எங்கள் காளைகளைப் பூட்டி நான்தான் இழுத்தேன். "பஸ்ஸுக்குப் புல்லு போட்டாச்சா?" என்று ஷெட்டே சிரித்தது. முதலாளி நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். தம்பி வண்டிக்கே திரும்பினார். நான் விடவில்லை. விடியுமுன் வண்டியில் செங்கல் ஏற்றிக்கொண்டு நானே கிளம்பினேன்.

"வண்டி இனி என்னுது. நீ ஷெட்டுக்குப் போலே."

தம்பி மறுநாள் ஷெட்டுக்குப் போய், யாரும் கேட்காமலே பஸ்களைக் கழுவினார். பத்துப் பதினைந்து நாளில் முதலாளி மனம் இறங்கிச் சாவியைக் கொடுத்தார்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு வைத்து, அதன் வாயுவில் ஓட்டினார்கள். மற்ற டிரைவர்கள் சலித்துக்கொண்டார்கள். தம்பி, காளைக்குத் தீனி வைக்க எழுந்த அதே நேரத்தில் எழுந்து அடுப்பு மூட்டப் பழகினார். "இப்பம் கேளுங்கலே, தீனி போட்டாச்சான்னு" என்று சிரிப்பார். அடுப்பு மூட்டப் போ என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

தம்பி நெஞ்சுவலியில் படுத்த கடைசி எட்டு நாளும் இரவு பகலாகப் பார்த்த டாக்டருக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்துச் சுமந்த ஷெட் ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் தம்பி மகன், "தானாகவே மோட்டார் பழகியவர்" என்று எழுதியிருக்கிறான். அதை அடித்துவிட்டு, "அண்ணன் வண்டியைப் பிடுங்கிக்கொண்டதால் பழகியவர்" என்று அச்சுப் போடவேண்டும். தம்பி இருந்தால் அவரே சொல்லியிருப்பார்.