இலை எடுக்கப் போன காணும் பொங்கல்

பிள்ளைகளே, "ஞாயித்துக்கிழமை ஆனா அத்தா எதுக்கு சாக்கைத் தூக்கிக்கினு அணைக்குப் போறாரு?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். வாயால் சொன்னால் பாதியிலே ஓடிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அணைப் பூங்கா வாசலில் மீன் வறுத்து விற்கும் அக்காவை உங்களுக்குத் தெரியும். மசாலா தடவிப் பொரித்து, தேக்கிலையில் வைத்துக் கொடுப்பார். புருஷன் இல்லை. அந்த வாணலிதான் அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு. நீங்கள் பிறக்குமுன் ஒரு மார்கழியில், பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி வந்து சொல்லிவிட்டார்: "காணும் பொங்கலுக்குப் போன வருஷம் மாதிரி குப்பையாச்சுன்னா, வாசல்ல கடை இருக்காதும்மா."

அக்காவின் தேக்கிலை ஒரு மழைக்கு மக்கிவிடும். மக்காமல் கிடந்ததெல்லாம் வருகிற ஜனம் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக் இலையும் தண்ணீர் பாக்கெட்டும்தான். ஆனால் வாசலில் இருக்கிறவர்மேல்தானே முதலில் கண் விழும்?

நானும் கரும்பு லாரி ஓட்டும் என் கூட்டாளியும், "நாங்க பொறுக்கறோம்க்கா" என்று சொல்லிவிட்டோம். பழைய உரச் சாக்குகளைப் பிரித்து, கைப்பிடி வைத்துப் பெரிய பைகளாகத் தைத்தேன். தையல்காரனுக்கு அது ஒரு வேலையா?

காணும் பொங்கலன்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று எல்லாப் பக்கமிருந்தும் டிராக்டரில் ஜனம் வந்து இறங்கியது. புல்லே தெரியவில்லை, ஜமக்காளம்தான் தெரிந்தது. கூட்டாளி தன் லாரிக்காரக் குரலில் கத்தினான்: "குப்பைய கீழ போடாதீங்க! சாக்குல போடுங்க!"

யாரும் தலையைத் திருப்பவில்லை. தியாகதுருகத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும், புளிச்சோற்றை மென்றபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா பாய், இது இன்னா உன் வூடா?"

குடும்பமே சிரித்தது. கூட்டாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வா பாய், போலாம். எச்சி பொறுக்க வந்தவனுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

எனக்கோ அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. என் வீடு என்றால் இவர்கள் விருந்தாளிகள். நம் பக்கத்துப் பந்தியில் விருந்தாளி தன் இலையைத் தானே எடுத்தால் வீட்டுக்காரருக்குக் குறைச்சல். ஆனால் வீட்டுக்காரரே குனிந்து இலையில் கை வைத்தால், சாப்பிட்டவர் பதறி எழுந்துவிடுவார். எந்த சாதிக்காரராக இருந்தாலும் இந்தப் பதற்றம் உண்டு. எனக்கு இந்த ஜனங்களைத் தெரியும்.

சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரியவர் எதிரில் போய் நின்றேன். "வாங்கய்யா. எல்லாரும் சாப்டீங்களா? பசங்களுக்குப் போதுமா இருந்துச்சா?"

அவர் விழித்தார். "ஆங்... சாப்டோம்."

"அப்ப இலைய எடுத்துக்கறேங்க" என்று குனிந்து கை வைத்தேன்.

"அய்யய்ய! வுடுங்க பாய், வுடுங்க! எங்க எச்சி இலைய நீங்க எடுக்கறதா?"

'உன்' போய் 'நீங்க' வந்துவிட்டது. நான் பிடியை விடவில்லை. "எங்க வூட்டுக்கு வந்துட்டு நீங்களே எடுத்தா நல்லாருக்காதுங்களே."

அவர் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வூடான்னு வாயக் குடுத்தியே, இப்ப மாட்டிக்கினியா?"

பெரியவர் இலையை என்னிடமிருந்து பிடுங்கிச் சாக்கில் போட்டார். பிறகு பேரப்பிள்ளைகளை அதட்டினார்: "டேய், எல்லாத்தையும் பொறுக்குங்கடா. பாய் குனியறாரு பாரு!"

அதைப் பார்த்ததும் கூட்டாளிக்குச் சூடு பிடித்துக்கொண்டது. ஜமக்காளம் ஜமக்காளமாகப் போய், "ரசம் ஊத்திக்கினீங்களா? வடை ஜாஸ்தி கேட்டீங்களாமே?" என்று ஆரம்பித்துவிட்டான். எல்லாரும் எழுந்தார்கள் என்று சொல்லமாட்டேன். எழாதவர்கள் இலையை நிஜமாகவே நாங்கள் எடுத்தோம். வீட்டுக்காரன் வேலை அது.

சாயங்காலம் அதிகாரி வந்து பூங்காவை ஒரு சுற்று சுற்றினார். அக்கா கரண்டியை வைத்துவிட்டு, ஈரமே இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி திரும்பி வந்து, "ரெண்டு மீனு குடும்மா" என்றார்.

அவர் தின்று முடித்ததும் நான் இலைக்குக் கையை நீட்டினேன். "யோவ், நீ வேற" என்று அவரே சாக்கில் போட்டார். "கடை இருக்கட்டும்மா. ஆனா இவங்க வரணும், வருசத்துக்கு ஒருநாள் மட்டும் இல்ல."

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். வீடு என்று சொல்லிவிட்டு விருந்தாளி வரும்போது இல்லாமல் இருக்கலாமா?

அன்றைக்குக் கூட்டாளி சாக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அக்கா கடைசி மீனை எனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். பெரியவர் குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்திலேயே நான் தனியாக உட்கார்ந்து தின்றேன். கறிவேப்பிலையைக்கூட விடவில்லை. விருந்து பிடித்தவர்கள் மடிப்பதுபோல் தேக்கிலையை என் பக்கமாக மடித்தேன். எடுக்க யாரும் இல்லை. நானே எடுத்துப்போய், புங்கமரத்தடியில் மண்ணைத் தள்ளிப் புதைத்துவிட்டு, கை கழுவ வாய்க்காலில் இறங்கினேன்.