யெட்டாக்காவின் சனிக்கிழமை அடுப்பு

பதினெட்டு வருஷம், சனிக்கிழமை தவறாமல், யெட்டாக்கா வீட்டு அடுப்பை நான்தான் மூட்டினேன். யூதர்கள் வெள்ளி சாயங்காலம் தொடங்கி அன்றைக்கு முழுக்க நெருப்பைத் தொட மாட்டார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி. தீக்குச்சியை உரசிவிட்டு, அவள் எனக்கென்று எடுத்துவைத்த பின்னல் ரொட்டியைத் தின்றபடி ஊர்வம்பு பேசிவிட்டு வருவேன்.

1936 ஜனவரியில் ஊர்த்தலைவர் வழிமறித்தார்.

"வால்பர்கா, இனிமே யூதன் வீட்டுக்கு வேலைக்குப் போகாதே. நாப்பத்தஞ்சு வயசு ஆகாத பொம்பளைங்க போகக் கூடாதுன்னு சட்டம். போனா ஜெயில்தான்."

"குச்சி கிழிக்கிறது வேலையா? சரி, என் புருஷனை அனுப்பட்டுமா?"

"அனுப்பித்தான் பாரேன்."

என் புருஷனுக்கு ரயில்வே உத்தியோகம். அனுப்பவில்லை. கிழவிகளைக் கேட்டேன். ஒருத்திக்கு முட்டிவலி, இன்னொருத்திக்குத் திடீரென்று காது கேட்கவில்லை.

யெட்டாக்கா அப்போது மார்ச்சளியோடு படுக்கையில் கிடந்தாள். வெள்ளிக்கிழமை போட்ட கரி விடிவதற்குள் அணைந்து வீடே குளிரில் விறைத்துவிடும். மூன்றாவது சனிக்கிழமை அவர்கள் புகைபோக்கியில் புகை வந்தது. வீட்டில் அவளைத் தவிர இருப்பது அவள் கணவர் செலிக்மன் மட்டும்தான். வெள்ளி சாயங்காலமானால் பேரம் பாதியில் நிற்க, மாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கும் மாட்டு வியாபாரி. அவரே மூட்டியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்பாடா என்றும் இருந்தது, வெட்கமில்லாமல்.

மறுநாள் தேவாலயம் விட்டு வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஊர்த்தலைவர். யெட்டாக்கா ஜன்னலைத் திறந்தாள்.

"வால்பர்கா! நேத்து நீ வந்து அடுப்பு மூட்டினியாமே, இவர் சொன்னாரு. நான் தூங்கிட்டேன். நல்லா இருப்படி!"

ஊர்த்தலைவர் நின்றுவிட்டார். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து செலிக்மன் என்னைக் கைகூப்பாத குறையாகப் பார்த்தார்.

"நான் வரலைக்கா" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். ஜன்னல் மூடிக்கொண்டது.

சில நாள் கழித்து செலிக்மன் வேலியோரம் வந்தார். "நோயாளிக்காக மூட்டலாம், பாவமில்லைன்னு எங்க மதகுரு, ரப்பியே எழுதிட்டாரு. அவ கேக்க மாட்டேங்கிறா. மறுபடி தொட்டீங்கன்னா பனியில போய் நிப்பேன்கிறா." என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதன்பின் சனிக்கிழமைகளில் புகை வரவில்லை. மார்ச்சில் அவளை அடக்கம் பண்ண எடுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை. எனக்கு நாற்பத்தைந்து ஆக இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.