பரீட்சைக்காக வந்த அம்மை

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். பல் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதுவதற்காகத் திருப்பதியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன்.

எங்கள் ஊர் நகரி. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, விசைத்தறித் தொழில். பத்தாவது வரை நான் தமிழில் படித்தவள். தேர்வுத் தாளோ ஆங்கிலத்திலும் தெலுங்கிலும்தான் வரும். ஒவ்வொரு கேள்வியையும் மனசுக்குள் தமிழாக்கிப் புரிந்துகொள்வதற்குள் நேரம் ஓடிவிடும். முதல் முறை இயற்பியலில் பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை, மணி அடித்துவிட்டார்கள். "இந்த ஒரு வாட்டிதான். இல்லன்னா மாப்பிள்ள பாத்துடுவேன்" என்று நைனா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். தெருவில் போகிறவர்கள் வேறு, "பல்லு புடுங்கறதுக்கா ரெண்டு வாட்டி பரீட்சை எழுதற?" என்று கேட்டே என் உயிரை வாங்கினார்கள்.

பயிற்சி வகுப்பு ஆசிரியர் எனக்குச் சொன்னது ஒரே யோசனைதான். பாடம் உனக்குத் தெரியும், வேகம்தான் போதவில்லை. தினமும் பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் எழுதிப் பார் என்றார்.

சொல்வதற்கென்ன! திருப்பதியில் குடியிருப்பவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எல்லை பிரித்தபோது நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது, திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது. எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் அந்தப் பக்கம். ஆனால் பெருமாளைப் பார்க்க எல்லோரும் இந்தப் பக்கம்தானே வந்தாக வேண்டும்? ஒரு கூட்டம் மொட்டையோடு மலையிலிருந்து இறங்கும், இன்னொரு கூட்டம் மொட்டை போட ஏறும். இரண்டுக்கும் இளைப்பாற அக்கா வீடு. அக்காவின் கணவரான மாமாவுக்கோ இடமில்லை என்று சொல்லவே வாய் வராது.

நான் விரித்து வைத்த கேள்வித்தாளின் மேலேயே லட்டுப் பொட்டலத்தை வைப்பார்கள். என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். பல் டாக்டருக்கு என்று சொன்னால் போதும், "இந்தக் கடவாப்பல்ல கொஞ்சம் பாரேன்" என்று வாயைப் பிளந்துகொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் இன்னும் படிக்கவே சேரவில்லை என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

தேர்வு நெருங்கிவிட்டது. அப்போதுதான் அந்த அத்தை வந்து சேர்ந்தார். மாமாவுக்குத் தூரத்துச் சொந்தம். முடி காணிக்கை செலுத்துவதாக வேண்டிக்கொண்டு, திருத்தணியிலிருந்து ஊர்க்காரர்களோடு வந்திருந்தார். மறுநாள் எல்லோரும் மலையேறுவதாகப் பேச்சு. பெரிய குரல், ஓயாத வாய். நான் வேதியியல் கணக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டு விழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தம் மருமகளின் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்கல்லாம் இப்டி வந்துகினே இருந்தா நான் எப்பத்தான் படிக்கறது? இந்த வாட்டியும் போச்சின்னா என்னைக் கட்டிக் குடுத்துடுவாங்க அத்தை!" என்று கத்தி, அழுதும் விட்டேன்.

அக்கா என்னை முறைத்தாள். அத்தைக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குத்தியைத் திருகிக்கொண்டே, "எவ்ளோ நேரம் வோணும் உனக்கு?" என்றார்.

"தினமும் மூணு மணி நேரம். யாரும் கூப்பிடக் கூடாது."

"அவ்ளோதானே" என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை ஊர்க்காரர்களை மலைக்கு அனுப்பிவிட்டு, அவர் மட்டும் தங்கிவிட்டார். வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியது. அம்மை போட்ட வீட்டுக்குள் யார் நுழைவார்கள்? மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் தெருமுனையிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு சத்திரத்தைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அக்கா நடுங்கிப்போனாள். "அம்மன் பேர்ல பொய்யா அத்தை?"

"நான் எங்கடி பொய் சொன்னேன்? வேப்பிலை கட்னேன். அவங்களா நெனச்சிக்கினா நான் என்னா பண்றது?"

வீடு அமைதியானது. ஆனால் அத்தையின் காவல் விருந்தாளிகளைவிடப் பெரிய தொல்லை. அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "முடிஞ்சிச்சா?" என்று அடிக்கடி கதவைத் தட்டுவார். தண்ணீர் கேட்டால், "மூணு மணி நேரம்னா மூணு மணி நேரந்தான்" என்று பதில் வரும். இதற்கிடையில் சேதி நகரி வரைக்கும் போய், நைனா இளநீர்க் குலையோடு பதறியடித்துக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு விளக்கிச் சொல்லி அனுப்புவதில் ஒரு காலைப்பொழுது வீண். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். நாள் போகப்போகத் தாள் முழுவதும் முடியத் தொடங்கியது.

தேர்வு நாள் வந்தது. ரிக்‌ஷாவில் ஏறப்போகும்போது, அதே வீட்டின் மறுபகுதியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஓடிவந்து மறித்தார். தெலுங்குக்காரர், கைக்குழந்தை உள்ளவர். "அம்மவாரு போசின பில்லனி பயட பம்பிஸ்தாரா?" என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். அம்மை கண்ட பெண்ணை வெளியே அனுப்புவீர்களா என்று அவர் கேட்டதும் ரிக்‌ஷாக்காரர் வண்டியைத் திருப்பிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. உண்மையைச் சொன்னால் மாமாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் என் வருஷம் போகும்.

அப்போது உள்ளேயிருந்து போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அத்தை வாசலுக்கு வந்தார். "ஆ பில்லகு காது, நாகு!" அந்தப் பெண்ணுக்கு இல்லை, எனக்குத்தான் என்று தமக்குத் தெரிந்த தெலுங்கில் கத்தினார். வீட்டுக்காரம்மா பின்வாங்கினார். நான் இரண்டு கைகளையும் நீட்டி, கொப்புளம் எதுவும் இல்லை என்று காட்டினேன். ரிக்‌ஷாக்காரர் முனகிக்கொண்டே என்னை ஏற்றிக்கொண்டார்.

அன்று இயற்பியலை முழுவதுமாக எழுதினேன். திருப்பிப் பார்க்கக்கூட நேரம் இருந்தது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மை தமக்குத்தான் என்று சொல்லிவிட்டதால், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அத்தையால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. வீட்டுக்காரம்மா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குப் போன ஊர்க்காரர்கள் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார்கள். அம்மை இறங்கிய கையோடு மலையேறினால் வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தேகம் வரும் என்று, அத்தை வேண்டுதலை முடிக்காமலேயே திருத்தணிக்குப் பஸ் ஏறினார். நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "மலை எங்கேயும் ஓடிப்போகாது. நீ போயி உன் வேலையப் பாரு" என்றார். அதோடு நிறுத்தினாரா? பஸ் கிளம்பும்வரை மறுபடியும் மருமகளின் சமையல்தான்.

அந்த வருஷம் எனக்கு இடம் கிடைத்தது. பல் மருத்துவராகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் தேற வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவர்கள் பலர். எனக்காகச் சாமியையே கொஞ்சம் காத்திருக்கச் சொன்னவர், நான் முகத்துக்கு நேரே கத்திய அந்த அத்தை ஒருவர்தான் என்பதை நினைக்கும்போது, இன்றும் யார்மீதாவது எரிந்து விழப்போகிற என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.