நீல விளிம்புக் கோப்பை

பெட்டியை ஒட்டி முடித்ததும் சித்தி அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது லேசாக முனகினால் போச்சு. ஒட்டிய டேப்பையெல்லாம் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பம். இடுக்குகளை அடைக்க அவர் வைத்திருப்பவை ஜோடி தொலைந்த காலுறைகள். வீட்டிலிருக்கும் பழைய பொருள்களைப் படமெடுத்துச் செயலியில் போட்டு விற்கத் தொடங்கியதிலிருந்து, முகம் தெரியாத பல வீடுகளுக்குச் சுவர்க் கடிகாரத்தோடும் பூச்சாடியோடும் சித்தப்பாவின் ஒற்றைக் காலுறையும் போய்ச் சேர்ந்திருக்கிறது. “இன்னொரு காலுக்கு எப்ப அனுப்புவீங்க?” என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். சித்தி அதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கூரியர் கடையில் நடக்கும் வழியனுப்பு தனிக் கூத்து. கடைக்காரர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும், சித்தி படமெடுப்பார். ஆரம்பத்தில் மனிதர் நெளிந்தார். இப்போதெல்லாம் சித்தி தெருமுனையில் திரும்பும்போதே சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துவிடுகிறார். பின்சுவர்க் கடிகாரமும் படத்தில் விழ வேண்டும் என்பதால், கேட்காமலேயே கொஞ்சம் குனிந்தும் கொடுக்கிறார்.

எல்லாம் ஒரு சட்டத்துக்காக. “கை மாறினா பொறுப்பும் மாறும்” என்பார் சித்தி. கடைக்காரர் வாங்கிய நொடியோடு விற்றவர் வேலை முடிந்தது; அதற்குமேல் வாங்கியவர் பாடு. ஆனால் போன மழைக்காலத்தில் இவர் வாங்கிய மடக்கு நாற்காலி வராமல் போனபோது, வீடு வந்து சேரும்வரை அது விற்றவரின் பொருள்தான் என்று போனில் மன்றாடி, அதட்டி, ஜெயித்தவரும் இதே சித்திதான். செய்தித்தாளைத் தாழ்த்தாமலேயே சித்தப்பா அதை நினைவுபடுத்தினார்.

“அப்ப நான் வாங்கினவ. இப்ப வித்தவ. ஆள் வேற, சட்டம் வேற” என்றார் சித்தி, கூச்சமே இல்லாமல்.

அந்தச் சட்டத்துக்குச் சோதனையாக வந்தது ஒரு கோப்பை. நீல விளிம்பு வைத்தது. கல்யாணத்துக்கு வந்த செட்டில் உடையாமல் மிஞ்சியவை இரண்டே இரண்டு. “ரெண்டு இருந்தா, கூட உக்காந்து குடிக்க யாராவது வந்துடறாங்க” என்று ஒன்றை விற்றுவிட்டார். மற்றதில் தினமும் காலையில் ஜன்னலோரம் தனியாக டீ குடிப்பார். அப்போது எங்கள் வீட்டு மணி அடித்தாலும் அவருக்கு அது பக்கத்து வீட்டு மணி.

விற்ற கோப்பை போய்ச் சேரவில்லை. கடைக்காரர் வண்டியைக் கைகாட்டினார். வண்டிக்காரர் கிடங்கைக் கைகாட்டினார். கிடங்கில் போனை எடுத்தவர் ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அங்கே எறும்பு எழுத்தில், யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்றிருந்தது.

வாங்கிய பெண் கூப்பிட்டபோது சித்தி கண்ணாடியை மாட்டி, கடைக்காரரின் படத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, நாங்கள் சாட்சியாக இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“பணத்த நீங்களே வெச்சுக்கங்கக்கா. கப்புதான் வேணும்” என்றது ஒரு மெல்லிய குரல்.

அவள் மாமியாரிடமும் இதே நீல விளிம்பு செட்தானாம்; அதில் ஒன்றை அவள் உடைத்துவிட்டாளாம். மகள் வீட்டுக்குப் போயிருக்கும் மாமியார் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். வந்ததும் அலமாரியைத்தான் திறப்பாராம். “திட்ட மாட்டாங்கக்கா. ஒண்ணுமே சொல்லாம மிச்சத்த எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க. அப்புறம் அந்த வீட்ல எதத் தொடவும் எனக்குக் கை வராது.”

சித்தி சட்டத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது, “பாக்கலாம்மா.” சித்தப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

மறுநாள் காலை டீ வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியது. பிறகு சித்தி கோப்பையைக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, காலுறைக்குள் நுழைத்தார். இந்த முறை ஒற்றை இல்லை, நல்ல ஜோடி. சித்தப்பா தன் வெறுங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கூரியர் கடைக்காரர் தலை வாரி, குனிந்து, தயாராக நின்றார். சித்தி போனை வெளியே எடுக்கவே இல்லை. பெட்டியை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“விடுங்கம்மா. அதான் கை மாறிடுச்சுல்ல?”

சித்தி ஆமாம் என்று தலையாட்டினார். பெட்டியின் ஒரு மூலை மட்டும் இன்னும் அவர் விரல்களிலேயே இருந்தது.