பொலிஸ் வராது என்று நான் சொன்ன வீடு

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் இருக்கும் வட்டாரத்துக்கென்று ஒரு சின்னப் பொலிஸ் குழு இருக்கிறது. ஒரு சார்ஜன்ட், அவருக்குக் கீழே இரண்டு மூன்று பேர். அவர்கள் எதை முதலில் கவனிக்கவேண்டும் என்று சொல்வதற்குக் குடியிருப்பாளர்களின் குழு ஒன்றும் உண்டு. லைப்ரரி மாடியில் கூடி மூன்று விஷயங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். அந்தக் குழுவின் தலைவர் பதவிக்கு நான் ஒருமுறை போட்டியிட்டேன்.

காரணம் நகைக் களவு. அந்த மாரிகாலத்தில் எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகளாகப் பார்த்துப் பின் கதவை உடைத்தார்கள். பறிகொடுத்தவர்கள் நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு வந்து எனக்குச் சொல்லி அழுதார்களே தவிர, பொலிசுக்குப் போகவில்லை. “நீங்கள் எல்லாரோடையும் கதைக்கிற ஆள், நீங்களே நில்லுங்கோ” என்றார் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு அண்ணை. எனக்கு எதிராக நின்றவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர். பல வருடங்களாக அவர்தான் தலைவர். வேகமாக ஓடும் கார்களைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை என்று நாங்கள் கேலி செய்வோம்.

பொலிசோடு வேலை செய்யப் புறப்பட்டேனே தவிர, சீருடையைக் கண்டால் என் கை இன்றைக்கும் தானாகக் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடும். யாழ்ப்பாணத்தில் ஒரு காலையில் சீருடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, “விசாரிச்சிட்டு விடுறம்” என்று என் தமையனைக் கூட்டிப்போனார்கள். விடவில்லை. எங்கே என்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் எல்லாம் தமிழ் வகுப்புக்குப் போயிருந்த நேரம், துண்டுப்பிரசுரங்களோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் ஒரு பெண் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் திறந்தாள். முப்பது வயதிருக்கும். பாதி முகம்தான் தெரிந்தது. மற்ற வீடுகளில் கொடுத்ததை மடித்து வைத்துவிட்டு “ஓம் ஓம், போடுறம்” என்றார்கள். இவள் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தாள்.

“அக்கா, நீங்கள் வெண்டால் பொலிஸ் வீடுகளுக்கு வருமோ?”

நான் சிரித்துவிட்டேன். “இல்லையம்மா, அப்பிடி ஒருத்தரும் வரமாட்டினம். நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “சரி அக்கா” என்று கதவைச் சாத்தினாள். தெருவுக்கு வந்து, பட்டியலில் அந்த வீட்டு இலக்கத்துக்கு நேரே எனக்கு ஒரு வாக்கு என்று அடையாளம் போட்டேன்.

சில வாக்குகளால் வென்றேன். முதல் கூட்டத்தில் நகைக் களவு முதலாவதாகப் போனது. கைதட்டினார்கள். எல்லாரும் குளிர் ஜாக்கெட்டைப் போடத் தொடங்கிய பிறகு சார்ஜன்ட், நான் துண்டுப்பிரசுரம் கொடுத்த ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். போன கிழமை அங்கே ஒரு பெண்ணைத் தாடை உடைந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அடித்தது கணவன். பிடித்துவிட்டார்கள். கனகாலமாகச் சத்தம் கேட்டும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் பொலிசுக்குப் போன் எடுக்கவில்லை என்றார்.

அடுத்த நாள் அந்தத் தெருவுக்குப் போனேன். எந்த வீடு என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்தச் சங்கிலிக் கதவுக்கு முன்னால் கால் தானாகப் போய் நின்றது. ஜன்னல் திரைகள் இல்லை. முன்வீட்டு அம்மா வந்து, அவளையும் இரண்டு பிள்ளைகளையும் கவுன்சில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

வாசலில் நிற்கும்போதுதான் அவளுடைய கேள்வி எனக்கு விளங்கியது. அவள் பயத்தில் கேட்கவில்லை. வரவேண்டும் என்று கேட்டாள். நான் என் பயத்தை அவளுடையது என்று எடுத்துக்கொண்டு, வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சார்ஜன்டிடம் இதைச் சொன்னேன். என்னைவிட இளையவர். முடியும்வரை கேட்டார். அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லமுடியாது, கடிதம் தந்தால் அவளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் சேர்ப்பதாகச் சொன்னார். பலமுறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் கொடுத்ததில் இரண்டு வரிதான் இருந்தது.

அடுத்த கூட்டத்தில், வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை முதலாவதாகப் போடவேண்டும் என்றேன். என்னை நிற்கச்சொன்ன அண்ணை எழும்பினார்.

“பிள்ளை, நகைக் களவுக்காகத்தானே உம்மை அனுப்பினனாங்கள். குடும்ப விசயத்தை வெள்ளைக்காரருக்கு முன்னாலை ஏன் கதைக்கிறீர்?”

“பின் கதவை உடைச்சு வாறவனைப் பற்றிக் கதைக்கலாம் அண்ணை. தன்ரை திறப்பாலை பூட்டைத் திறந்து முன் கதவாலை வாறவனைப் பற்றிக் கதைக்க ஏலாதோ?”

அவர் வெளியே போனார். இன்னும் சிலர் அவருக்குப் பின்னால் போனார்கள். முதலில் கை உயர்த்தியவர் என்னிடம் தோற்ற அந்த வெள்ளைக்காரர். ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. தமிழில் ஒரு தாள் அடித்து, எந்த நம்பருக்கு எடுப்பது, எடுத்தால் என்ன நடக்கும் என்று விளக்கி வீடு வீடாகக் கொடுத்தோம். சில வீடுகளில் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அடுத்த வருடம் எங்கள் ஆட்கள் வாக்களிக்க வரவில்லை. தோற்றேன். புதுத் தலைவர் வீட்டு வன்முறையை மூன்றாவது இடத்துக்குத் தள்ளினார். ஆனால் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

சார்ஜன்ட் மாற்றலாகிப் போகுமுன் மருந்துக் கடைக்கு வந்தார். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். சேர்ந்ததாம். வாசித்தாளாம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் ஏறி எனக்கு முதுகைக் காட்டி நின்றால், என் ஸ்டேஷன் போய்விட்டாலும் இறங்காமல் இருக்கிறேன், அவள் ஒருமுறை திரும்பும்வரை.