சின்னவளின் ராம்ப்

வேனக்கா வீடு எது என்று தெருவில் யாரிடம் கேட்டாலும் கை காட்டுவார்கள். எந்த வாசல் சுவரில் டீசல் புகை கறுப்பாகப் படிந்திருக்கிறதோ, அதுதான். காலையில் தையல் ஃபேக்டரிப் பெண்கள், அடுத்த நடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாயங்காலம் அதே கூட்டம் திரும்ப. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பிழைப்பு இந்த வேன்தான். வீட்டில் அவள் பெரியவள். மாடியில் இருக்கும் கொழுந்தன் மனைவி சின்னவள்.

வேனை வாங்கியவர் மாமனார். ஆயுசு முழுக்க பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார். புதுப்பெண்ணாக வந்தவள் ஒருநாள் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தொட்டுப் பாக்கவா வாங்கிப் போட்டிருக்கேன்? ஓட்டிப் பாரு" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். பெற்ற பிள்ளைக்கு அந்தச் சாவியை அவர் கொடுத்ததில்லை. பெரியவள் புருஷன் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன். வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலோர இருக்கை நல்லது என்பது மட்டும்தான்.

பிறகு மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போனது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் பெரியவள் பாடு. அவள் முகம் சுளித்ததில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது. "மாமா, கொஞ்சம் ஒத்துழைங்க, நீங்க என்ன சிமென்ட் மூட்டையா" என்பாள். "மூட்டைக்கு டிக்கெட் தனிம்மா" என்பார் அவர்.

வேலையை விட்டாலும் கழுத்திலிருந்த விசிலை அவர் விடவில்லை. ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் போ. தினம் காலையில் பெரியவள் வேனைக் கிளப்பி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தபடி அவர் இரண்டு விசில் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் கியர் விழும். அவர் அசந்து தூங்கிவிட்டால் ஹார்ன் அடித்து எழுப்பியாவது வாங்கிக்கொண்டுதான் போவாள். ஃபேக்டரிப் பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். புடவை, நகை, மாடி அறை எதிலும் அவளுக்குப் பங்கு தகராறு கிடையாது. அந்த இரண்டு விசில் மட்டும் அவளுடையது.

சின்னவள் செல்போன் கடையில் வேலை பார்த்தவள். எந்நேரமும் போனில் எதையாவது படித்துக்கொண்டே இருப்பாள். நடக்க முடியாதவர்களை ஏற்றிப்போக பேட்டரி ஆட்டோ வாங்கினால் முக்கால்வாசிப் பணத்தை அரசாங்கமே தருகிறது என்று ஒருநாள் படித்துவிட்டு மனுப் போட்டாள். பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஆமா, உனக்குத் தரணும்னுதான் அங்க ராவும் பகலும் தூங்காம உக்காந்திருக்காங்க."

வண்டி வந்துவிட்டது.

வெள்ளையும் பச்சையுமாக, வாசலில் நின்றது. நின்றது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை, அத்தனை சத்தமில்லாமல் வந்திருந்தது. கதவோரச் சுவரில் சார்ஜர் பெட்டி மாட்டினார்கள். வண்டியின் பின்பக்கம் இரும்பில் ஒரு ராம்ப். மடித்தால் கதவோடு ஒட்டிக்கொள்ளும், விரித்தால் நாற்காலியோடு ஆளை அப்படியே தள்ளி ஏற்றிவிடலாம். பெரியவள் இரண்டு தடவை வந்து வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு, ஐஸ் வண்டி மாதிரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை விளக்க ஆரம்பித்தாள். விளக்கிய பாத்திரத்தையே மறுபடியும் விளக்கினாள்.

சாயங்காலம் சின்னவள் மாமனாரை ஏரிக்கரை வரை கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரியைத் தவிர அவர் எங்கேயும் போய்க் காலம் ஆகிவிட்டது. வேனின் தரை உயரமானது. அவரைத் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும், புருஷனுக்கோ முதுகுவலி. திரும்பி வந்தவரின் தலைமுடி எல்லாம் கலைந்திருந்தது.

"மூஞ்சில காத்து அடிச்சுதும்மா" என்றார்.

"ஜன்னலைத் திறந்தா இங்கயும்தான் அடிக்கும்" என்றாள் பெரியவள். போய்த் திறந்தும் வைத்தாள்.

வயிறு எரிய ஆரம்பித்தது மறுநாள் காலையில். வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஜன்னலில் ஆளில்லை. ஹார்ன் அடித்தாள். பதில் வந்தது பின்னாலிருந்து. கண்ணாடியில் பார்த்தால் மாமனார் ஆட்டோவுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், காலை வெயில் காயப் போகிறாராம். இரண்டு விசில். ஆட்டோ நகர்ந்தது. வேனைத் தாண்டிப் போகும்போது சின்னவள் கையை வேறு ஆட்டினாள். அன்று ஃபேக்டரிப் பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் வேன் ஏறி இறங்கிய விதம் அப்படி.

அதோடு விட்டாளா சின்னவள்? ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் நின்றுகொண்டு, "அக்கா, பழைய டீசல் வண்டியையும் பேட்டரிக்கு மாத்திக் குடுக்கறாங்களாம். ராம்ப் மட்டும் நாமளே முதல்ல போட்டுக் காட்டணும். மத்ததெல்லாம் மானியம். நீங்களும் எழுதிப் போடுங்களேன்" என்றாள்.

"என் டீசலுக்கு என்ன குறைச்சல்? போய் உன் வேலையைப் பாரு."

சொன்னவள் மறுநாளே நல்ல புடவை கட்டிக்கொண்டு மானிய ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றாள். புருஷனிடமும் சொல்லவில்லை. வேன் பேட்டரிக்கு மாறினால் டீசல் செலவு மிச்சம் என்பது ஆபீசில் சொன்ன காரணம். மாமனார் இனி தன் வண்டியில்தான் ஏரிக்கரைக்குப் போக வேண்டும் என்பது சொல்லாத காரணம்.

ராம்ப் செய்யும் கதைதான் கதை. சின்னவள் ஆட்டோவை நிறுத்திவிட்டு மாடிக்குப் போன நேரம் பார்த்து, பெரியவள் அந்த ராம்பை விரித்து முந்தானையால் அளந்தாள். நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. மேல் விளிம்பில் வண்டிக் கம்பியில் மாட்டுவதற்குத் தடித்த கொக்கிகள், கீழ் விளிம்பில் பிடித்துத் தூக்க ஒரு குழாய். அதையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டாள். வெல்டிங் பட்டறைக்காரனைத் தெருவில் எல்லோரும் பொறி என்பார்கள். ஆளும் அப்படித்தான், தொட்டால் சுடுவான்.

"வேன் தரை எவ்ளோ ஒசரம்க்கா?" என்று கேட்டான் பொறி.

"அதெல்லாம் எதுக்கு உனக்கு? முந்தானையில முடிச்சு இருக்கு பாரு, அதான் அளவு. அவ வண்டியில எப்படி இருக்கோ அச்சு அசல் அப்படியே வேணும். கொக்கி, குழாய் எதுவும் மாறக்கூடாது."

"அவங்களுது தாழ்வான வண்டியாச்சே."

"நீ இரும்பை ஒட்டுவியா, வாயை ஒட்டட்டுமா?"

பொறி இரும்பை ஒட்டினான். பெயின்டும் அதே பச்சை.

சரி, செய்தாகிவிட்டது, ஏற்றிப் பார்க்க வேண்டாமா? மாமனாரை வாசலுக்குக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்தால் சின்னவள் மாடியிலிருந்து பார்த்துவிடுவாள். பார்த்தால், "என்னுது மாதிரியே இருக்கே அக்கா" என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு பெரியவள் தயாராக இல்லை. அதனால் அவர் மதியம் தூங்கும்போது வெறும் நாற்காலியை மட்டும் தள்ளிக்கொண்டுபோய் ஏற்றிப் பார்த்தாள். சல்லென்று ஏறியது. அத்தோடு திருப்தி.

மானிய ஆபீசிலிருந்து ஆய்வுக்கு ஆபீசரம்மா காலையிலேயே வந்துவிட்டாள். முகத்தில் வெயிலுக்குத் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். ஒரே நிபந்தனைதான் சொன்னாள். "நிஜமான பயணி நாற்காலியில இருக்கணும். ஒருத்தரே தள்ளி ஏத்தணும். தூக்கிவிட இன்னொரு ஆள் கூடாது."

"அதுக்கென்ன மேடம்" என்று பெரியவள் புடவையைச் செருகிக்கொண்டு நாற்காலியைப் பிடித்தாள். மாடி பால்கனியில் சின்னவள் துணி உலர்த்தும் சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். இதைப் பார்க்கட்டும் என்றுதான் பெரியவளுக்கும் இருந்தது.

முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஏறியது. பாதி ராம்பில் நாற்காலி நின்றுவிட்டது. மாமனார் பின்னுக்குச் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் பல்லைக் கடித்து, தோளைக் கொடுத்து, காலை ஊன்றித் தள்ளினாள். நாற்காலி ஏறவில்லை. இறங்கப் பார்த்தது.

மாமனார் ஒரு விசில் அடித்தார்.

எல்லாம் நின்றது. புருஷன் ஓடிவந்து பிடித்து இறக்கினான். ஆபீசரம்மா ராம்பைக் குனிந்து பார்த்தாள். "ரொம்பச் செங்குத்தா இருக்கு. வண்டி ஒசரத்துக்கு நீளம் பத்தாது. யார் அளவு குடுத்தது?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். பட்டறைக்காரனைச் சொல்லிவிடலாம்தான். பொறி இதே தெருவில் இருக்கிறான், அவனுக்கும் வாய் இருக்கிறது.

"நான்தான்."

"இன்னிக்குத்தான் கடைசி ஆய்வு. பக்கத்துத் தெருவுல ஒரு வண்டி பாக்கணும். திரும்பி வர்றப்போ சரியா இருந்தா எழுதிக்கறேன். இல்லன்னா அடுத்த வருஷம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பட்டறைக்கு ஓடினாலும் புதிதாக அடிக்க நேரமில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்த விசில் ஆட்டோவில்தான். ராம்பின் கீழ்விளிம்புக் குழாயையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பட்டது. இந்தக் குழாயும், கொக்கிகள் மாட்டியிருக்கும் வேன் கம்பியும் ஒரே தடிமன். கொக்கியையும் அச்சு அசலாகக் காப்பி அடித்திருந்ததால் சின்னவள் ராம்பின் கொக்கி இந்தக் குழாயில் கச்சிதமாக உட்காரும். இரண்டையும் சேர்த்தால் நீளம் இரண்டு மடங்கு.

வழி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வழி மாடிப்படி ஏறிப் போகிறது.

பெரியவள் பாதிப் படி வரைக்கும்தான் ஏறினாள். அதற்கு மேல் கால் வரவில்லை. "ஏய், உன் ராம்பைக் கொஞ்ச நேரம் குடு" என்றாள்.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். "கேக்கறீங்களா, மிரட்டறீங்களா?"

"கேக்கறேன்."

"அன்னிக்கே என்கிட்ட கேட்டிருந்தா நீளம் ஜாஸ்தி வேணும்னு சொல்லியிருப்பேன்ல? என் ராம்ப் கொக்கியில துணி நூல் சிக்கியிருந்தப்பவே நினைச்சேன், யாரோ முந்தானையால அளந்திருக்காங்கன்னு."

"தெரிஞ்சே வாயை மூடிட்டு இருந்தியா?"

"நீங்க வாயைத் திறப்பீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

கீழேயிருந்து மாமனார், "வண்டி லேட்டாகுது, ஏறுறவங்க ஏறுங்க" என்றார். சின்னவள் இறங்கி வந்தாள். ராம்பைக் கழற்றிக் கொடுத்ததும் அவள்தான், இரண்டும் சேரும் இடத்துக்கு அடியில் வேனின் ஸ்டெப்னி டயரை முட்டுக் கொடுத்ததும் அவள்தான். அதற்காக பெரியவள் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. "டயரை நேரா வை" என்றாள்.

ஆபீசரம்மா திரும்பி வந்தபோது பெரியவள் தனியாகத் தள்ளினாள். நாற்காலி மெதுவாக, ஒரே சீராக ஏறி வேனுக்குள் போய் நின்றது.

"இது ரெண்டு ராம்ப்தானே?" என்றாள் ஆபீசரம்மா.

"பாதி என்னுது, பாதி அவளுது" என்றாள் பெரியவள்.

"ஒரே ஆள் ஏத்த முடியுது, அது எனக்குப் போதும். வண்டியை மாத்தற கம்பெனிக்கு இதே நீளத்துல ஒண்ணா அடிச்சு எடுத்துட்டுப் போகணும். அப்படின்னு குறிச்சு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மாதத்தில் வேன் பேட்டரிக்கு மாறிவிட்டது. வாசல் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சார்ஜர் ஒன்றுதான், முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் யார் சொருகுவது என்று தினமும் சண்டை வருவது வேறு விஷயம்.

முதல் நாள் காலை பெரியவள் மாமனாரை நீளமான புது ராம்பில் ஏற்றி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே நாற்காலியைப் பூட்டினாள். வண்டி ஸ்டார்ட் ஆனதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது, சத்தமே இல்லை. காத்திருந்தாள். காதுக்குப் பின்னாலேயே இரண்டு விசில் வந்தது.

உடனே கிளம்பவில்லை. கண்ணாடியைத் திருப்பினாள். ஆட்டோ பக்கத்தில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் சார்ஜர் வயர். "மாமா, சாயங்காலம் என்னோட வருவீங்கல்ல?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

பெரியவள் அந்தக் கோணலை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு வேனை எடுத்தாள். ஸ்பீட் பிரேக்கரில் அன்றைக்கு வண்டி பூப்போல ஏறி இறங்கியது.