கோடுபளே வைத்துப் பல்லைச் சோதித்தவர்

விஜயநகரில் பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். இஸ்திரி கலையாத சட்டை. பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், வளையல் மாதிரி வட்டமாக இறுகிப்போன கோடுபளே முறுக்கு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். பல்லை அடைத்ததும், எதையும் கடிக்கக் கூடாதென்று டாக்டர் சொன்ன கெடு முடிகிற நிமிஷத்தில் அதைக் கடித்துச் சோதிப்பாராம்.

எனக்குக் கடைவாய்ப் பல்லில் குழி. வெள்ளி அடைப்பதா, பல் நிறத்திலேயே வரும் காம்போசிட்டா என்று முடிவு செய்யாமல் வந்திருந்தேன். அவரிடம் கேட்டதுதான் தாமதம், கன்னத்தைத் தட்டித் தட்டிக் காட்டி, கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

“நோடி சார், பாருங்க, இங்க வெள்ளி. கருத்துப் போச்சு, ஆனா இருபது வருஷமா அசையல. இங்க காம்போசிட். பாக்க லட்சணமா இருந்துது, ஏழாவது வருஷம் ஓரம் பேந்துடுச்சு. இங்க ஈறு ஓரமா சிமெண்ட்டு. அங்க சரி, மெல்ற இடத்துல போட்டா தேஞ்சிடும்.”

“இப்ப இதுல எது உடைஞ்சுது சார்?”

கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். குரலும் இறங்கிவிட்டது.

“எதுவுமே அடைக்காத பல்லு சார். ஒரிஜினல். இட்லி சாப்பிடறப்ப.”

உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தவர் என்ன நினைத்தாரோ, கோடுபளேயை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் வெள்ளிதான் அடைத்துக்கொண்டேன். மறுநாள் கோடுபளேயைத் தைரியமாகவே கடித்தேன். இட்லியைத்தான் இன்னும் பயந்து பயந்து சாப்பிடுகிறேன்.